மசினகுடி நாட்குறிப்பு: புலிக்காட்டின் ஓரத்து ஊர்களில்

2025 பிப்ரவரி 5, புதன் – ஊட்டியிலிருந்து இறக்கம்

காலை ஆறரை மணிக்கு ஊட்டி பேருந்து நிலையத்துக்குப் போகும் வழியெல்லாம் புல்வெளியில் உறைபனி. தஞ்சாவூர்ப் பக்கத்து வெயிலில் வளர்ந்த எனக்கும் தங்கைக்கும் விரல்களை மடக்கவே முடியவில்லை. டீ 15 ரூபாய். ஆளுக்கு இரண்டு குடித்தோம். வர்க்கி ஒரு பொட்டலம் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டோம்.

மசினகுடிக்குக் கல்லட்டி வழியாகச் சின்னப் பேருந்து போகிறது. தலைகுந்தா தாண்டும்வரை இரண்டு பக்கமும் கேரட், பீட்ரூட் தோட்டங்கள். அதன்பின் 36 கொண்டை ஊசி வளைவுகள். வெளியூர் வண்டிகள் இந்த வழியாக இறங்க அனுமதி இல்லை. உள்ளூர் வண்டிகளும் பேருந்தும்தான் இறங்கலாம். எத்தனையோ வண்டிகள் இங்கே கவிழ்ந்திருக்கின்றன.

எங்கள் பேருந்தில் முட்டைக்கோஸ் மூட்டைகள், பள்ளிக்கூடத்துக்குப் போகும் டீச்சர் ஒருவர், காக்கிச் சட்டை போட்ட காவலர்கள் சிலர், கூடையில் கோழிக்குஞ்சுகளோடு ஒரு பாட்டி. பத்தாவது வளைவிலேயே தங்கைக்கு வயிற்றைப் புரட்டிவிட்டது. கேட்காமலே பாட்டி எழுந்து ஜன்னலோர இடத்தைக் கொடுத்தார். மடியிலிருந்து ஒரு நார்த்தங்காய்த் துண்டை எடுத்து, "வாயில அடக்கிக்க கண்ணு, கீழ பாக்காத" என்றார். நடுவழியில் பிரேக் சூடாகிவிட்டதென்று ஓட்டுநர் கால் மணி நேரம் வண்டியை நிறுத்தினார். யாரும் முணுமுணுக்கவில்லை. டீச்சர் இறங்கி, கட்டுரை நோட்டுகளைக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்துத் திருத்த ஆரம்பித்துவிட்டார்.

இறங்க இறங்க ஸ்வெட்டரைக் கழற்ற வேண்டியதாயிற்று. மேலே 2,200 மீட்டர் உயரத்தில் பனி. ஒரு மணி நேரத்தில் ஆயிரம் மீட்டருக்கும் மேல் இறங்கினால் காய்ந்த முட்காடு, வெள்ளையான வெயில். மலைக்குப் பின்னால் ஒதுங்கிய மழைமறைவுப் பகுதி இது. பிப்ரவரியிலேயே புல் பழுத்துவிட்டது.

மசினகுடியில் முதல் சங்கடம். முன்பணம் வாங்கிக்கொண்ட தங்கும் விடுதியில் பூட்டுத் தொங்கியது. போன் செய்தால், உரிமம் புதுப்பிக்கும் வேலை நடக்கிறது, பணத்தைத் திருப்பி அனுப்புகிறோம் என்றார்கள். (இதை எழுதும்வரை வரவில்லை.) டீக்கடைக்காரர்தான் ஒரு வீட்டைக் காட்டினார். மாடியில் ஓர் அறை, நாள் வாடகை 1,200. வீட்டுக்கார அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். பையை வைத்ததும் கேழ்வரகுக் களியும் அவரைக்காய்க் குழம்பும் கொண்டுவந்து வைத்தார். "இதுக்குக் காசு எழுதாதீங்க, உங்களுக்குன்னு ஆக்குனது இல்ல" என்றார்.

அந்த அம்மா பதினோரு வருஷம் ஒரு சொகுசு விடுதியின் சமையலறையில் வேலை பார்த்தவர். 2018 ஆகஸ்டில் அந்த விடுதிக்கு சீல் வைத்தார்கள். "பன்னெண்டு மணிக்குப் பருப்பு வேக வச்சிருந்தோம். அதிகாரிங்க வந்து எல்லாரும் வெளிய போங்கன்னாங்க. பருப்பு அடுப்புலயே நின்னுபோச்சு" என்றார்.

யானை வழித்தட வழக்கைப் பற்றிச் செய்தித்தாளில் படித்திருந்தேன். நேரில் பார்த்தபோதுதான் அந்த இடத்தின் அமைப்பு விளங்கியது. ஒரு பக்கம் நீலகிரிச் சரிவு சுவர் மாதிரி நிற்கிறது. மறுபக்கம் மாயாற்றுப் பள்ளம். இரண்டுக்கும் நடுவே சீகூர் பீடபூமி. முதுமலை, பந்திப்பூர் யானைகள் சத்தியமங்கலம் பக்கம் போக இந்த இடுக்கைத்தான் நம்பியிருக்கின்றன. அதற்குள் விடுதிகளும் மின்வேலிகளும் வந்து அடைத்தன. 2010 ஆகஸ்டில் அரசு இதை வழித்தடமாக அறிவித்தது. 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2018இல் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 27 விடுதிகளுக்கு சீல் வைத்தார்கள். 2020 அக்டோபர் 14 அன்று உச்ச நீதிமன்றம் வழித்தட அறிவிப்பு செல்லும் என்று தீர்ப்பளித்து, தனித்தனி ஆட்சேபங்களைக் கேட்க ஓய்வு பெற்ற நீதிபதி தலைமையில் ஒரு குழுவையும் அமைத்தது.

அந்தத் தீர்ப்பு சரியானது என்றே நினைக்கிறேன். யானை நடக்கும் இடத்தில் மின்வேலி போட்டு, இரவில் பாட்டுக் கச்சேரி வைத்துப் பணம் பண்ணியவர்களுக்காக நான் பேசப்போவதில்லை. 2021 ஜனவரியில் இதே மசினகுடியில் காயம்பட்ட ஒரு யானைமேல் எரியும் பொருளை வீசியதையும், அது செத்ததையும் நாடே பார்த்தது. ஆனால் விடுதி முதலாளிகளுக்கு வக்கீல் இருந்தார், குழு இருந்தது, முறையிட ஓர் இடம் இருந்தது. அடுப்படியில் நின்ற அம்மாவின் சம்பளத்தைப் பற்றி அந்த நடைமுறையில் யார் கேட்டார்கள்? "ஒருத்தரும் வரல. நூறு நாள் வேலைக்குப் போனேன். அப்புறம் மகன் மேல இந்த ரூமைக் கட்டினான்" என்றார்.

இரவு ஒன்பதுக்குமேல் தெரு அமைதியாகிவிட்டது. புள்ளிமான் கூட்டம் ஒன்று வீட்டுக்குக் கீழே வந்து வாழைத்தோலைத் தின்றது. குளிர் மறுபடி வந்துவிட, கம்பளியை இரண்டாக மடித்துப் போர்த்திக்கொண்டோம்.

பிப்ரவரி 6, வியாழன் – தெப்பக்காடு

காலையில் தெப்பக்காடு. மசினகுடியிலிருந்து கொஞ்ச தூரம்தான். வனத்துறை வேனில் காட்டுச் சுற்று, ஆளுக்கு முந்நூற்றுச் சொச்சம். மான், மயில், இரண்டு காட்டெருது, தூரத்தில் ஒரு யானையின் முதுகு. புலி இல்லை. பின்சீட்டில் இருந்த ஒரு குடும்பம் வழிநெடுகப் பாட்டு போட்டது. பையன் ஜன்னல் வழியாகக் குரங்குக்குச் சிப்ஸ் போட்டான். ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிட்டார். "தம்பி, இன்னிக்கு நீ போட்டா நாளைக்கு அது ரோட்டுக்கு வரும், லாரியில அடிபடும். பாக்கெட்டை உள்ள வை" என்று நிதானமாகச் சொன்னார். அந்தப் பையனின் அப்பாவுக்குக் கோபம். ஓட்டுநர் அவரைக் கண்டுகொள்ளவில்லை. பாக்கெட் உள்ளே போனபிறகுதான் வண்டி கிளம்பியது.

முதுமலை 1940இல் சரணாலயமானது. 2007இல் புலிகள் காப்பகம். உள்மண்டலம் 321 சதுர கிலோமீட்டர், வெளிமண்டலத்தையும் சேர்த்தால் 688 சதுர கிலோமீட்டர். நாங்கள் தங்கியிருக்கும் மசினகுடியும் சுற்றுப்புற ஊர்களும் வெளிமண்டலத்துக்குள் வருகின்றன. அதாவது இங்கே பயிர் வைப்பது, மாடு மேய்ப்பது, ஜீப் ஓட்டுவது, கோயில் திருவிழாவுக்கு வண்டி விடுவது என எல்லாவற்றிலும் வனத்துறைக்கு ஒரு சொல் உண்டு. காப்பகம் அறிவித்தபோது கூடலூரிலும் மசினகுடியிலும் கடையடைப்பு, மறியல் எல்லாம் நடந்தன. சனங்களைக் கூட்டிவைத்துப் பேசாமல் அறிவித்துவிட்டார்கள் என்ற வருத்தம் இன்றும் வயதானவர்கள் பேச்சில் இருக்கிறது.

யானை முகாமில் காலை உணவு நேரம். கேழ்வரகு, கொள்ளு, வெல்லம், உப்பு எல்லாம் சேர்த்துப் பெரிய உருண்டைகளாகப் பிடித்து வரிசையாக வைத்திருக்கிறார்கள். எந்த யானைக்கு எந்த உருண்டை என்பது பாகன்களுக்குப் பார்க்காமலே தெரிகிறது. பாகன்களும் அவர்களின் உதவியாளர்களான காவடிகளும் பெரும்பாலும் காட்டுநாயக்கர், குறும்பர், இருளர் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். இந்த முகாமைப் பற்றிய ஆவணப்படம் 2023இல் ஆஸ்கர் வாங்கியபோது, தெப்பக்காடு, ஆனைமலையின் கோழிகமுத்தி ஆகிய இரண்டு முகாம்களிலும் வேலை செய்யும் 91 பேருக்குத் தலா ஒரு லட்சமும், வீடு கட்ட 9.10 கோடியும் அரசு அறிவித்தது. நல்ல காரியம். நூறு வருஷமாக யானையோடு படுத்து எழுந்த குடும்பங்களுக்கு நல்ல வீடு கிடைக்க ஒரு வெளிநாட்டு விருது வரவேண்டியிருந்தது என்பதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

மதியம் மெஸ்ஸில் மீன்குழம்புச் சாப்பாடு 110 ரூபாய். பக்கத்து மேசையில் ஒரு ஜீப் ஓட்டுநர் தம்பி. முப்பது வயது. வண்டிக்கு மாதத் தவணை கட்டுகிறார். விடுமுறை நாட்களில் இரண்டு, மூன்று சவாரி, மற்ற நாட்களில் ஒன்றும் இல்லை. வறட்சி முற்றி, தீப்பிடிக்கும் அபாயம் வந்தால் காப்பகத்தை மூடுவார்கள். மழையில் ரோடு போனால் மூடுவார்கள். 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்குள் வர இ-பாஸ். அது வேண்டும்தான், ஊட்டியில் நின்ற நெரிசலைப் பார்த்தவர்கள் மறுக்கமாட்டார்கள். ஆனால் ஆட்கள் குறைந்தால் முதலில் குறைவது இவருடைய சவாரி.

"புலி காட்டுக்குள்ள இருந்தா எங்களுக்குச் சோறு. புலி ஊருக்குள்ள வந்தா சோறும் இல்ல, தூக்கமும் இல்லைங்க" என்றார். 2021இல் எம்.டி.டி. 23 என்று பெயரிட்ட புலியைப் பற்றிச் சொன்னார். நான்கு பேரையும் நிறைய மாடுகளையும் கொன்ற புலி. கூடலூர்ப் பக்கத்தில் தொடங்கி மசினகுடிவரை வந்தது. கும்கி யானை, மோப்ப நாய், டிரோன் எல்லாம் வைத்து 21 நாள் தேடி, அக்டோபர் 15ஆம் தேதி மயக்க ஊசி போட்டு உயிரோடு பிடித்து மைசூருக்கு அனுப்பினார்கள். அந்த நாட்களில் சுற்றுலா நின்றுவிட்டது. வேலை போன ஜீப் ஓட்டுநர்களில் பலர் தேடுதலுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போனார்களாம். காட்டுப்பாதை இவர்களுக்குத்தானே தெரியும்.

சாயங்காலம் குரங்கு ஒன்று தங்கையின் பையைத் திறந்து வர்க்கிப் பொட்டலத்தை முழுசாக எடுத்துக்கொண்டு போய்விட்டது. அவளுக்குப் புலி பார்க்காத வருத்தத்தைவிட இது பெரிய வருத்தம்.

பிப்ரவரி 7, வெள்ளி – மாவனல்லா, வாழைத்தோட்டம்

இன்றைக்கு எழுத நிறைய இருக்கிறது. நேற்றைய ஜீப் தம்பி, "எங்க சித்தப்பா பட்டியைப் பாருங்கக்கா, அப்பத்தான் ஊரு புரியும்" என்று கூட்டிப் போனார். சவாரிக் காசு வாங்க மறுத்தார். டீசல் மட்டும் போட்டுக் கொடுத்தோம், 500 ரூபாய்.

மாவனல்லாவைத் தாண்டி, முள் அடைத்த பட்டி. நாற்பது மாடுகள் இருக்கும். எங்கள் ஊர் மாடுகளைப் பார்த்த கண்ணுக்கு இவை சின்னவை, எலும்பு தெரியும் உடம்பு, நல்ல கொம்பு. பாலுக்காக வளர்க்கிற மாடுகள் இல்லை. கன்று குடித்தது போக ஒரு லிட்டர் கிடைத்தால் பெரிது. இந்த மாடுகளின் வரும்படி சாணியில். பகல் முழுக்கக் காட்டில் மேயும், ராத்திரி பட்டியில் அடைபடும், காலையில் சாணியை அள்ளிக் குவிப்பார்கள். காய்ந்ததும் லாரி வரும். கேரளாவின் காப்பித் தோட்டம், மிளகுத் தோட்டம், இஞ்சி வயல் எல்லாவற்றுக்கும் மசினகுடிச் சாணி பல காலமாகப் போகிறது. காட்டுப் புல் தின்ற சாணிக்கு நல்ல பேர்.

என் அம்மா எருக்குழிக்குச் சாணி சுமந்தே முதுகு வளைந்தவள். சாணியை விற்றே ஒரு ஊர் பிழைக்கிறது என்று அவளிடம் சொன்னால் நம்பமாட்டாள்.

சித்தப்பாவுக்கு எழுபதை நெருங்கும் வயது. ஒரு கல்லைக் காட்டி உட்காரச் சொன்னார். தானும் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டு, நான் கேட்பதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். முன்பு அவர்கள் தெருவில் மட்டும் ஆயிரம் மாடுகளுக்குமேல் இருந்தனவாம். இப்போது பட்டி வைத்திருப்பது நாலைந்து வீடுகள்தான்.

மாடு மேய்வது காட்டுக்குக் கெடுதல் என்று வனத்துறை சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஊர் மாட்டிலிருந்து காட்டெருதுக்கும் மானுக்கும் நோய் தொற்றும். புல்லுக்குப் போட்டி வரும். வெளிச்சந்தைக்காக ஆயிரக்கணக்கில் மாடு பெருகினால் காட்டின் உரமெல்லாம் லாரி ஏறி வேறு மாநிலத்துக்குப் போய்விடும். இதையெல்லாம் சித்தப்பாவிடமே சொன்னேன். அவர் மறுக்கவில்லை. "அளவு வச்சுக்கன்னு சொல்லு, கேட்டுக்கறோம். ஒரு வீட்டுக்கு இத்தனைன்னு எழுதிக் குடு. ஒரேயடியா வேண்டாம்னா நாங்க எதைத் திங்கறது?" என்றார்.

ஒரேயடியாக வேண்டாம் என்ற உத்தரவு 2022 மார்ச்சில் வந்தது. மேகமலை தொடர்பான வழக்கு ஒன்றில், தமிழ்நாட்டின் காடுகள் எதிலும் மாடு மேயக்கூடாது என்று உயர் நீதிமன்றம் சொன்னது. மலை மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தபின் அதே மாதம் உத்தரவைத் திருத்தி, தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்குள் மட்டும் தடை என்றது. மற்ற ஊர்க்காரர்கள் மூச்சுவிட்டார்கள். காப்பகத்துக்குள்ளேயே ஊர் இருக்கிற இவர்களுக்கு அந்தத் திருத்தத்தால் என்ன வந்தது? 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மேய்ச்சலையும் ஓர் உரிமையாகச் சொல்கிறது. அந்தச் சட்டப்படி ஊர் ஊராக மனுக்களைப் பரிசீலித்து முடித்துவிட்டு, அதன்பிறகு தடையைப் பற்றிப் பேசியிருக்க வேண்டும். இங்கே வரிசை தலைகீழாக நடக்கிறது. தடை முதலில் வருகிறது, மனு மேசையில் கிடக்கிறது.

போன மாதம் ஒரு கன்றைச் சிறுத்தை அடித்துவிட்டதாம். பட்டியில் அடித்தால் நஷ்டஈடு கேட்கலாம். காட்டுக்குள் அடித்தால் கிடையாது, அங்கே மாடு போனதே தப்பு என்பார்கள். பட்டியில் அடித்ததற்கும் கால்நடை மருத்துவர் சான்று, போட்டோ, விண்ணப்பம், அலைச்சல். "கன்னுக்குட்டி போனது ஒரு துக்கம். அது செத்ததை நிரூபிக்கறது இன்னொரு துக்கம்" என்றார்.

பேசிக்கொண்டிருக்கும்போதே மேலே பெரிய பறவைகள் சில வட்டமிட்டன. பாறு கழுகுகள். தென்னிந்தியாவில் பாறு கழுகு அதிகமாகக் கூடு கட்டும் இடம் இந்த மாயாற்றுப் பள்ளத்தாக்குதான். ஆற்றோர நீர்மருது மரங்களில் கூடு வைக்கின்றன. ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் இருந்த பறவை இது. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலிமருந்து, செத்த மாட்டின் இறைச்சி வழியாகக் கழுகின் சிறுநீரகத்தைக் கெடுத்து இனத்தையே ஏறத்தாழ அழித்தது. 2006இல் மாட்டு வைத்தியத்துக்கு அந்த மருந்தைத் தடைசெய்தார்கள். இங்கே கழுகு தப்பியதற்கு, இந்தப் பட்டிக்காரர்கள் ஊசி மருந்துக்குப் பெரிதாகச் செலவு செய்யாததும் ஒரு காரணமாக இருக்கும் என்பது என் எண்ணம். காட்டு விலங்கின் சடலத்தோடு செத்த மாட்டையும் தின்றே அவை வாழ்ந்திருக்கின்றன. மாடு முழுவதும் போய்விட்டால் கழுகின் பாடு என்ன என்று யாராவது இந்தச் சித்தப்பாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசினால் நன்றாக இருக்கும்.

மதியம் அவர் வீட்டிலேயே சாப்பாடு. களி, கீரை மசியல், காய்ந்த மிளகாய்த் துவையல். கையில் எடுத்தால் ஒட்டாத பதத்தில் களி. சித்தி எங்களுக்குப் பரிமாறிவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டார். உட்காரச் சொன்னதும் சிரித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

வாழைத்தோட்டம் போகும் வழியில் இன்னொரு விஷயம் தெரிந்தது. வெளியூரில் இருந்து பார்த்தால் இவர்கள் எல்லோரும் காட்டை ஆக்கிரமித்தவர்கள் மாதிரித் தோன்றும். இருளரும் குறும்பரும் இங்கே எப்போதிருந்து இருக்கிறார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. சிங்காராவில் பைக்காரா மின்நிலையம் 1932இல் ஓட ஆரம்பித்தது. பிறகு மாயாறு மின்திட்டம். கால்வாய் வெட்டவும் கல் உடைக்கவும் அரசாங்கமே ஆட்களைக் கொண்டுவந்தது. அவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்றைக்கு மசினகுடியில் கடை வைத்திருப்பவர்களும் ஜீப் ஓட்டுபவர்களும். நம் வீட்டு விளக்கு எரிய வந்தவர்கள்.

தீத்தடுப்புக் கோடு போடும் வேலை நடந்துகொண்டிருந்தது. சாலையோரப் புல்லைச் செதுக்கி எரித்துக்கொண்டு போகிறார்கள். இந்த வேலையும், வேட்டைத் தடுப்புக் காவலர் வேலையும்தான் உள்ளூர்ப் பையன்களுக்குக் காப்பகம் தரும் கூலி. காவலர்களில் பலர் வருஷக்கணக்காகத் தற்காலிக வேலையில் இருக்கிறார்கள். இரவு முழுக்கத் துப்பாக்கியோ வண்டியோ இல்லாமல் கம்போடு காட்டில் நடப்பவர்கள். புலி எண்ணிக்கை கூடியது என்று நாம் பெருமைப்படும்போது, அவர்களைப் பணி நிரந்தரம் செய்யவும் நாம்தான் கேட்க வேண்டும்.

மாலை ஐந்தரைக்குத் திரும்பும்போது சாலையில் ஒற்றை யானை. ஜீப்பை அணைத்துவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். எதிரே பைக்கில் வந்த ஒரு அப்பாவும் மகளும் எங்கள் ஜீப்புக்குள் ஏறிக்கொண்டார்கள். டியூஷன் முடிந்து வருகிறாளாம். தினமும் அப்பா வேலையை விட்டுவிட்டுப் போய் அழைத்து வருகிறார். அதனால் போகும் அரைநாள் கூலியை எந்த நஷ்டஈட்டுக் கணக்கிலும் எழுதமாட்டார்கள்.

பிப்ரவரி 8, சனி – கூடலூர்

வீட்டுக்கார அம்மாவிடம் விடைபெற்று, தெப்பக்காடு வழியாகக் கூடலூர் பேருந்து. இந்தப் பக்கம் பச்சை. மூங்கில், தேக்கு, அப்புறம் தேயிலை. ஐம்பது கிலோமீட்டருக்குள் மூன்று விதமான ஊர் பார்த்தாயிற்று. கூடலூரில் புட்டும் கடலைக்கறியும் 60 ரூபாய், வயிறு நிறைந்தது.

உள்மண்டலத்துக்குள் பென்னை, முதுகுளி மாதிரிச் சில ஊர்கள் இருந்தன. கடந்த சில ஆண்டுகளில் அவற்றிலிருந்து குடும்பங்களை வெளியே குடியமர்த்தினார்கள். குடும்பத்துக்குப் பத்து லட்சம் அல்லது நிலமும் வீடும். தேசிய அளவில் இந்தத் தொகையை 2021இல் 15 லட்சமாக உயர்த்தினார்கள். அங்கே வயல் வைத்திருந்த வயநாடன் செட்டிமார் சமூகத்தினர் பலர் வெளியேற வேண்டும் என்று தாங்களே நீதிமன்றம் போனவர்கள். வயல் இருந்தும் யானையால் அறுக்க முடியவில்லை, ரோடு இல்லை, கரண்ட் இல்லை, பிரசவத்துக்குத் தூளி கட்டித் தூக்க வேண்டும். ஆக, இதைக் கட்டாயமாகத் துரத்தியது என்று ஒரே வார்த்தையில் எழுத முடியாது.

பழங்குடிகளான பணியர், காட்டுநாயக்கர் குடும்பங்களின் கதை வேறு. கையில் பட்டா இல்லாமல் காட்டையே நம்பியிருந்தவர்களுக்குப் பத்து லட்சம் வங்கிக் கணக்கில் வந்தது. வந்த வேகத்தில் நிலத் தரகர்களும் வந்தார்கள். சரிவிலும் சதுப்பிலும் கிடந்த நிலத்தை அதிக விலைக்குத் தலையில் கட்டி ஏமாற்றியதாகப் புகார் எழுந்து, போலீஸ் வழக்கே பதிவானது.

கூடலூருக்கு வெளியே ஒரு குடியிருப்பில் ஒரு பணியர் அக்காவைப் பார்த்தேன். எங்களை ஏற்றிவந்த ஆட்டோக்காரரின் மனைவி அவரோடு ஒரே எஸ்டேட்டில் இலை பறிப்பவர், அந்தப் பழக்கத்தில் கூட்டிப் போனார். பால் விடாத கட்டஞ்சாயா கொடுத்தார்கள். அக்கா குறைந்த சொற்களில் பேசினார். "இங்க ஆஸ்பத்திரி பக்கம். பிள்ளைங்க ஸ்கூலுக்கு வண்டியில போகுது. அது நல்லதுதான். அங்க விறகு, கீரை, தேன், மீன் எதுக்கும் காசு இல்ல. இங்க கீரைக்கும் காசு" என்றார். பணம் எவ்வளவு மிச்சம் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரே சொன்னார்: வீட்டுச் சுவருக்குப் பூச்சு பூசும் முன்பே தீர்ந்துவிட்டது. வேலை இல்லாத நாளில் காட்டோரம் போய் நிற்பாராம். உள்ளே போகக் கூடாது. போனால் வழக்கு.

காட்டிலிருந்து ஆளை எடுப்பதற்கு அரசிடம் ஒரு தொகை இருக்கிறது, ஒரு படிவம் இருக்கிறது. எடுத்த பிறகு ஐந்து வருஷம், பத்து வருஷம் கூடவே நின்று, நிலம் வாங்கும்போது துணைக்கு வந்து, வேலை ஏற்பாடு செய்து தருவதற்கு ஓர் ஆள் வேண்டாமா? மாயாற்றங்கரை ஊரான தெங்குமரஹாடாவில் ஏறத்தாழ ஐந்நூறு குடும்பங்கள் இதே பேச்சில் காத்திருக்கின்றன. அவர்களுக்காவது முதலில் நிலத்தைக் காட்டிவிட்டுப் பிறகு கையெழுத்து வாங்க வேண்டும்.

மதியத்துக்குமேல் தூறல். தொரப்பள்ளிக்கு வந்தோம், முதுமலை எல்லையை ஒட்டிய ஊர். இங்கே உண்ணிச்செடிக் குச்சிகளை வேகவைத்து, தோல் உரித்து, இரும்புச் சட்டத்தின்மேல் வளைத்து நிஜ யானை அளவுக்கு யானைகள் செய்கிறார்கள். நூறுக்கும் மேற்பட்ட யானைகள் லண்டனுக்கும் அமெரிக்காவுக்கும் போயிருக்கின்றன. செய்பவர்கள் பணியர், குறும்பர், காட்டுநாயக்கர், சோளகர் சமூகத்தினர். உண்ணிச்செடி அழகுக்காக வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்தது. காட்டுக்குள் பரவிப் புல்லை அழித்துவிட்டது. மானுக்கும் இல்லை, மாட்டுக்கும் இல்லை. அதை வெட்டினால் காட்டுக்கும் நல்லது, வெட்டுபவருக்கும் கூலி. விற்ற பணத்தில் ஒரு பகுதி, மனிதரும் விலங்கும் ஒரே இடத்தில் வாழ உதவும் பணிகளுக்குப் போகிறது.

பட்டறையில் ஒரு தம்பி, குட்டியானையின் காதுமடலை வளைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். எப்படித் தெரியும் இந்த மடிப்பு என்று கேட்டேன். "ராத்திரி வீட்டுப் பின்னாடி வந்து நிக்கும்க்கா. பாத்துப் பாத்து மனசுல இருக்கு" என்றார். அவர் வீட்டுப் பலாமரத்தைப் போன வருஷம் சாய்த்ததும் அதே கூட்டம்தான். தினக்கூலி ஒழுங்காக வருகிறது, குடகுக்குக் கூலி வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டேன் என்றார்.

உண்ணிச்செடிக்குப் பஞ்சமே இல்லை. மசினகுடிப் பக்கமும் புதர் புதராக மண்டியிருக்கிறது. மாடு குறைந்துபோன பட்டிகளில் பையன்கள் வேலை இல்லாமல் இருக்கிறார்கள். அங்கே ஒரு பட்டறை வைக்க முடியுமா என்று கேட்டேன். ஆர்டர் எவ்வளவு வருகிறது என்பதைப் பொறுத்தது, வெட்டிக்கொண்டுவர வனத்துறை அனுமதியும் வேண்டும் என்றார். ஆள் எடுப்பதைத் தான் முடிவு செய்வதில்லை, பெரியவர்களிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று தன் போன் எண்ணைக் கொடுத்தார். ஊட்டி பேருந்துக்குக் காத்திருக்கும்போதே அந்த எண்ணை ஜீப் தம்பிக்கு அனுப்பினேன். "சித்தப்பா பசங்க ரெண்டு பேரு இருக்காங்கக்கா, திங்கக்கிழமை போன் பண்றேன்" என்று பதில் வந்தது.